அனுமதிச் சீட்டும் ஆட்சிச் சீர்திருத்தமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

     

ஆண்டறிக்கையும் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கும் வாசித்து முடிந்தபின் பேசும் வாய்ப்பு நமக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஏற்கெனவே கணக்குக் கேட்டுக் களைத்த செவிகள் இவை. எனினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளும் ஒரு கணக்குதான். நாற்பதாண்டு காலம் மிக மெதுவாக நகர்ந்த நம் நாடு, 1991ஆம் ஆண்டில் தங்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு வந்தது. அதன் பின் தன் ஆட்சி முறையில் எதை மாற்றிக்கொண்டது, எதை மாற்றாமல் விட்டது, மாற்றாமல் விட்டதனால் இன்று நம்மைப் போன்ற சாமானியருக்கு நேர்வது என்ன என்பவற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறோம்.

இச்செய்தி டெல்லியில் தொடங்கவில்லை. நமக்கு மிக அருகில், தியாகராய நகரில் தொடங்குகிறது. நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், 1920களில் உருவான அந்நகரின் தெருக்களுக்கு அக்காலத்துப் பொதுவாழ்வுப் பெரியோர் பலரின் பெயர்கள் சூட்டப்பட்டன. 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பு வகித்த சர் முஹம்மது உஸ்மான் அவர்களின் பெயரால் உஸ்மான் சாலை அமைந்தது. ஹபீபுல்லா சாலையும் பசுல்லா சாலையும் அவ்வாறே முஸ்லிம் பெருமக்களின் பெயர் தாங்கியவை. பண்டிகைக்குத் துணி எடுக்கப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று தெரியவில்லை. அந்தப் பசுல்லா சாலையில்தான் தம் பிற்காலத்தில் வாழ்ந்தார் இராஜாஜி. தொழில் தொடங்கவும், பொருள் இறக்குமதி செய்யவும், விற்கவும் அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற ஆட்சி முறைக்கு 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்று பெயரிட்டவர் அவரே.

அவருடைய எல்லாக் கருத்துகளையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. 1953இல் அவர் கொண்டுவந்த பள்ளிக்கல்வித் திட்டத்தைத் தமிழகம் ஒன்றுபட்டு எதிர்த்தது. 1959இல் சென்னையில் அவர் முன்னின்று தொடங்கிய சுதந்திராக் கட்சியில் மன்னர்களும் மிராசுதார்களும் நிறைந்திருந்ததால் மக்கள் அதனைச் செல்வர் கட்சி என்றே கருதினர். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் அனுபவித்து அறிந்ததையே சொன்னார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வந்த உணவு தானியக் கட்டுப்பாடு போர் முடிந்த பின்னும் நீடித்தது. ஓரூரில் விளைந்த நெல்லை அடுத்த மாவட்டத்திற்குக் கொண்டு செல்லவும் பெர்மிட் வேண்டும். சோதனைச் சாவடிகள் பெருகின. கள்ளச் சந்தை பெருகியது. அரிசி மட்டும் பெருகவில்லை. 1952இல் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற இராஜாஜி, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே சென்னை மாகாணத்தில் அக்கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வரும் என்று அஞ்சியவர் பலர். பஞ்சம் வரவில்லை.

இங்கே மற்றொரு பெயரையும் சொல்ல வேண்டும். அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் ரஃபி அகமது கித்வாய். சோஷலிசக் கருத்துடையவர் என்று அறியப்பட்டவர், இராஜாஜியின் அரசியலுக்கு நேர் எதிர்த் திசையினர். ஆயினும் சென்னையில் நடந்ததைக் கண்டபின் கொள்கைப் பிடிவாதம் காட்டாமல் மற்ற மாகாணங்களிலும் கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டே வந்தார். 1954 அக்டோபரில் அவர் மறைவதற்குள் தானியக் கட்டுப்பாடு நாடெங்கும் பெரும்பாலும் நீங்கிவிட்டது. கருத்தால் வேறுபட்ட இருவர் ஒரு நடைமுறை உண்மையில் ஒன்றுபட்டதை இக்காலத்தவர் கவனிக்க வேண்டும். 1967 தேர்தலில் அண்ணா, இராஜாஜி, காயிதே மில்லத் ஆகிய மூவரின் கட்சிகள் ஒரே அணியில் நின்றதும் அத்தகைய ஒரு காட்சிதான்.

தானியத்தில் நீங்கிய முறை தொழிலில் வேரூன்றியது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, அட்டவணையில் கண்ட தொழில் எதையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தொடங்க உரிமம் வேண்டும். விரிவாக்க உரிமம் வேண்டும். புதிய பொருள் செய்ய உரிமம் வேண்டும். ஆலையை இடம் மாற்ற உரிமம் வேண்டும். ஆண்டுக்கு ஆயிரம் இயந்திரம் செய்ய உரிமம் பெற்றவர் திறமையாக உழைத்து ஆயிரத்து ஐந்நூறு செய்துவிட்டால் அவர் பாராட்டுக்குரியவர் ஆகமாட்டார். சட்டத்தை மீறியவர் ஆவார். இயந்திரம் தருவிக்க இறக்குமதிக் கட்டுப்பாட்டாளரிடம் போக வேண்டும். பங்கு விற்று முதல் திரட்ட மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரிடம் போக வேண்டும். எந்த விலைக்குப் பங்கை விற்கலாம் என்பதையும் அந்த அலுவலகமே முடிவு செய்யும். இத்தனை வாசல்களும் டெல்லியிலோ அதன் கிளைகளிலோ இருந்தன.

நோக்கம் தீயதன்று என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். அந்நியச் செலாவணி அரிதாக இருந்தது. பெருமுதலாளிகள் எல்லாவற்றையும் வளைத்துக்கொள்ளக் கூடாது, பின்தங்கிய பகுதிகளுக்கும் தொழில் போக வேண்டும் என்று அக்காலத் தலைவர்கள் கவலைப்பட்டனர். விளைந்ததோ வேறு. பேராசிரியர் ஹஸாரி 1967இல் அரசுக்கு அளித்த அறிக்கை, பெருந்தொழில் குடும்பங்களே உரிமங்களை முன்கூட்டி வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு மற்றவர் நுழையாமல் தடுத்ததை எடுத்துக்காட்டியது. டெல்லியில் ஆள் வைத்து, அலுவலகம் வைத்து, மாதக்கணக்கில் காத்திருக்கப் பணம் உள்ளவனுக்கே உரிமம் கிடைத்தது. ஏழைக்காகக் கட்டப்பட்ட வேலி ஏழையைத்தான் வெளியே நிறுத்தியது. நம் உரையின் மையம் இதுவே. அனுமதி என்பது அரிதான ஒரு பொருளாகிவிட்டால் எல்லா அரிய பொருள்களையும் போல அதுவும் வசதி உள்ளவன் கைக்கே போய்ச் சேரும்.

ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும், தொலைபேசிக்கு மனுக் கொடுத்துவிட்டு மறந்தே போனதும் இங்கு அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் மிகைவரியோடு சேர்த்து 97.75 விழுக்காடு. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் கையில் நிற்கும் என்றால் கணக்கை ஒளிக்காதவன் யார்? நேர்மையாளனுக்கும் பொய்யனுக்கும் இடையே சட்டமே போட்டி வைத்து, பொய்யனை வெல்லச் செய்தது.

1950 முதல் 1980 வரை நாட்டின் வளர்ச்சி ஆண்டுக்குச் சராசரி மூன்றரை விழுக்காடு அளவிலேயே நின்றது. மக்கள்தொகை இரண்டு விழுக்காட்டுக்கு மேல் பெருகியதால் ஒரு குடிமகனின் பங்கில் ஏறியது ஆண்டுக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவே. இந்த வேகத்திற்குப் பொருளியல் அறிஞர் ராஜ் கிருஷ்ணா 'இந்து வளர்ச்சி விகிதம்' என்று பெயர் வைத்தார். அது உலகெங்கும் பரவிவிட்டது. நம் சகோதரச் சமுதாயத்தின் பெயரை இப்படி ஒட்டியது நியாயமன்று என்றே நாம் கருதுகிறோம். அது கோப்பின் வேகம். எந்தச் சமயத்தாரின் வேகமும் அன்று.

தங்கத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களைத் தொட்ட விஷயம் அது. 1962இல் சீனப் போர் மூண்டது. செலாவணியைக் காக்க 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யக் கூடாது என்றனர். பொற்கொல்லர்கள் பிழைப்பிழந்தனர். அந்த ஒரு விதி சில ஆண்டுகளில் தளர்ந்தாலும், 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் முழு வடிவில் வந்து, தனியார் தங்கக் கட்டி வைத்திருப்பதையே தடை செய்தது. மக்கள் தங்கம் வாங்குவதை நிறுத்தினரா? திருமணத்திற்குத் தங்கம் வேண்டும் என்ற வழக்கத்தைச் சட்டம் மாற்றவில்லை. வழியை மட்டும் மாற்றியது. கடற்கரையோர ஊர்களில் கடத்தல் என்பது ஒரு தொழிலாயிற்று. இளைஞர் எத்தனையோ பேர் அதில் விழுந்து கெட்டனர். ஒன்றும் செய்யாத ஊர்க்காரர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பும்போது மீனம்பாக்கத்தில் சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்டனர்.

1990 ஜூனில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1992இல் இன்னொரு படி எடுத்தனர். குறைந்தது ஆறு மாதம் வெளிநாட்டில் தங்கிவிட்டு வருபவர் ஐந்து கிலோ வரை தங்கம் கொண்டுவரலாம். சுங்கத்தை வெளிநாட்டுப் பணமாகச் செலுத்தினால் போதும் என்றனர். இடுப்பில் கட்டி ஒளித்துக் கொண்டுவந்த பொருளை அதன் பின் ரசீதோடு கொண்டுவர முடிந்தது. கடத்தல்காரனின் ஆதாயம் அரசுக்குச் சுங்கமாக வந்தது. சுங்க அதிகாரிகள் திடீரென்று உத்தமர்களாகிவிடவில்லை, பயணிகளும் அப்படியே. விதி மாறியது, அதனால் ஒழுக்கமும் மாறியது. சுங்கத்தை மீண்டும் உயர்த்திய காலங்களில் கடத்தல் மீண்டும் தலைதூக்கியதையும் பிற்காலத்தில் கண்டோம். இன்று உஸ்மான் சாலையின் இருபுறமும் ஒளிவீசும் நகைக்கடைகளுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இனி 1990ஆம் ஆண்டுக்கு வருவோம். 1980களில் நாடு ஓரளவு வேகம் எடுத்தது உண்மை. சில உரிமக் கட்டுகளும் தளர்ந்தன. ஆனால் அந்த வேகத்திற்கு எரிபொருள் கடன். அரசு வருவாய்க்கு மீறிச் செலவழித்தது. வெளிநாட்டுக் கடன் 8,000 கோடி டாலரைத் தாண்டிற்று. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக்கியப் படை குவைத்திற்குள் நுழைந்தது. எண்ணெய் விலை ஏறியது. குவைத்திலும் ஈராக்கிலும் உழைத்துக்கொண்டிருந்த நம் மக்கள் வேலையும் சேமிப்பும் விட்டுவிட்டு ஜோர்தான் பாலைவனத்தைக் கடந்து அம்மான் நகர் வந்து சேர்ந்தனர். அங்கிருந்து ஏறத்தாழ 1,70,000 பேரை விமானங்களில் ஏற்றிப் பம்பாய் கொண்டுவந்து சேர்த்தது நம் அரசு. அதில் அரசு ஊழியர்களும் விமானப் பணியாளர்களும் காட்டிய ஊக்கம் எந்த நாளும் போற்றத்தக்கது. மெதுவாக நகர்ந்த அதே அரசு இயந்திரம்தான், வேலை தெளிவாகவும் தடை குறைவாகவும் இருந்தபோது இவ்வாறு விரைந்து இயங்கியது.

வளைகுடாப் பணம் குறைந்தது. வெளிநாடு வாழ் இந்தியர் வங்கிகளில் வைத்திருந்த வைப்புத் தொகைகளை எடுக்கத் தொடங்கினர். நிலையான ஆட்சி இல்லை. 1991 பிப்ரவரியில் முழு வரவு செலவுத் திட்டம் கூடத் தாக்கல் செய்ய இயலவில்லை. மே 21 அன்று, சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில், முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அரசின் கையில் சில வார இறக்குமதிக்கான செலாவணியே எஞ்சியது. அம்மாதத்தில் 20 டன் தங்கம் ஸ்டேட் வங்கி வழியாக வெளிநாட்டில் ஈடாகச் சென்றது. அது கடத்தல்காரரிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட தங்கம் என்பது நெஞ்சில் தைக்கும் வேடிக்கை. ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சொந்தக் கையிருப்பிலிருந்து ஏறத்தாழ 47 டன் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, சுமார் 40 கோடி டாலர் கடன் பெறப்பட்டது. வீட்டுத் தங்கம் அடகுக்கடைக்குப் போகும் துயரம் நம் தாய்மார்கள் அறியாததன்று. அன்று நாடே அந்தப் படி ஏறியது.

அப்போது ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் தமிழக ஆட்சிப் பணியிலிருந்து சென்ற எஸ். வெங்கிடரமணன். துணை ஆளுநர் சி. ரங்கராஜன், பிற்காலத்தில் அடையாறுக்குப் பக்கத்தில் கோட்டூர்புரத்திலுள்ள சென்னைப் பொருளியல் பள்ளிக்குத் தலைவராக விளங்கியவர். ஜூன் 21 அன்று பிரதமரான நரசிம்ம ராவ், நிதியமைச்சராக மன்மோகன் சிங்கையும், வணிகத்துறை அமைச்சராக ப. சிதம்பரத்தையும் அமர்த்தினார். மக்களவையில் பெரும்பான்மை இல்லாத அரசு அது. ஜூலை முதல் வாரத்தில் இரு தவணைகளில் ரூபாயின் மதிப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக இறக்கப்பட்டது. ஜூலை 24 அன்று பகலில் புதிய தொழிற்கொள்கை, மாலையில் வரவு செலவுத் திட்டம். 18 தொழில்கள் நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் தொழில் உரிமம் தேவையில்லை என்று அறிவிக்கப்பட்டது. அரசுத் துறைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்த தொழில்கள் 17லிருந்து 8 ஆயின. முன்பு முந்நூறு விழுக்காட்டையும் தாண்டியிருந்த சுங்க வரிக்கு 150 விழுக்காடு உச்சவரம்பு வந்தது. அடுத்த ஆண்டுகளில் அதுவும் படிப்படியாக இறங்கிற்று. மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம் 1992இல் மூடப்பட்டது.

பலரும் இதனைத் தாராளமயம் என்ற ஒரு சொல்லால் வாழ்த்துவர் அல்லது வைவர். நாம் கவனிக்க வேண்டுவது, அந்த ஜூலையில் மாறியது அலுவலர்களின் குணம் அன்று, மேசைகளின் எண்ணிக்கை என்பதே. லஞ்சம் வாங்காதீர் என்று அறிவுரை கூறிய சுற்றறிக்கைகள் முந்தைய நாற்பதாண்டுகளில் எத்தனையோ போயிருக்கும். கையெழுத்தே தேவையில்லை என்றானபின் அந்தக் கையெழுத்துக்கு விலை கேட்க யாராலும் முடியவில்லை.

இதைப் போன்றே முக்கியமான, ஆனால் அதிகம் பேசப்படாத மாற்றம் ஒன்று உண்டு. 1950களிலிருந்து மத்திய அரசுக்குப் பணம் போதாதபோதெல்லாம் தற்காலிகக் கருவூல உண்டியல் என்ற சீட்டை எழுதி ரிசர்வ் வங்கியிடம் கொடுக்கும். வங்கி மறுக்காமல் பணத்தை உருவாக்கித் தரும். நாடாளுமன்றம் அறியாமல், வரி போடாமல், விலைவாசி ஏற்றத்தின் வழியாக ஏழையின் சட்டைப் பையிலிருந்து எடுக்கப்பட்ட தொகை அது. மளிகைக்கடைக் கணக்கு நோட்டில் வீட்டுத் தலைவர் தாமே எழுதிக்கொண்டு, தாமே கையெழுத்திடுவது போன்றது. 1994 செப்டம்பரில் மன்மோகன் சிங்கின் நிதியமைச்சகமும் ரங்கராஜன் ஆளுநராக இருந்த ரிசர்வ் வங்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு மூன்றாண்டுகளில் இவ்வழக்கத்தை ஒழித்தன. 1997 ஏப்ரலிலிருந்து அந்த நோட்டு மூடப்பட்டது. அரசு தன் கையைத் தானே கட்டிக்கொண்டது என்பதால் இதனை ஆட்சிச் சீர்திருத்தத்தின் உச்சம் என்று நாம் மதிக்கிறோம்.

கட்டிக்கொள்ளாத அரசுக்கு நேர்வதைப் பாக் நீரிணைக்கு அப்பால் கண்டோம். இலங்கையில் 2019இல் வரிகள் திடீரென்று வெட்டப்பட்டன; குறைந்த வருவாய்க்கு ஈடாக மத்திய வங்கி பணம் அச்சடித்தது; 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. மறுத்துச் சொல்லும் அதிகாரம் படைத்தவர் எவரும் இல்லை. 2022 ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்தது. எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார். பின்னர் 2023இல் அவர்கள் இயற்றிய புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசுக்காகப் பணம் அச்சடிப்பதைத் தடுக்கிறது. நாம் 1997இல் கற்ற பாடத்தை அவர்கள் இத்தனை விலை கொடுத்துக் கற்க நேர்ந்தது.

நம் பகுதியில் 1991இன் பயன் கண்கூடு. ராஜீவ் காந்தி விழுந்த அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில், 1998இல் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அடையாறு, திருவான்மியூர் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போகாமல் பேருந்தில் வேலைக்குப் போக முடிந்தது. அதற்காக எல்லாம் நன்று என்று சொல்லிவிட முடியாது. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது; வரி வழக்கினால் ஆலையைக் கைமாற்ற இயலாமற் போனது அதற்கு ஒரு காரணம், தெருவில் நின்றவர்கள் இளம் தொழிலாளப் பெண்கள். 2008இல் ஏலமின்றி வழங்கப்பட்ட 122 அலைக்கற்றை உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. குற்றம் சாட்டப்பட்டோர் 2017இல் விசாரணை நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அரிய பொருளை விருப்பப்படி பங்கிடும் முறை பழைய கோட்டாவின் மறுபிறப்பே என்பதில் ஐயமில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 1991 திறந்தவை டெல்லிக் கதவுகள். தொழிலதிபர் நுழையும் கதவுகள் அவை. நம்மில் பெரும்பாலோர் டெல்லியோடு பேசுவதில்லை. வட்டாட்சியர் அலுவலகம், மாநகராட்சி மண்டல அலுவலகம், மின்வாரியம், பத்திரப் பதிவகம், குடும்ப அட்டை அலுவலகம் இவைதான் நம் அரசு. பட்டா மாறுதலுக்கும், கடை உரிமத்திற்கும், வாரிசுச் சான்றுக்கும் நடந்து தேய்பவர்களிடம் தாராளமயம் எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மேல்மாடியில் இடிக்கப்பட்ட சுவர் கீழ்த்தளத்தில் அப்படியே நிற்கிறது.

அதைவிடக் கொடுமை, கட்டுப்பாடு உண்மையிலேயே வேண்டிய இடத்தில் அது இல்லாமற் போவது. ரங்கநாதன் தெருவைப் பாருங்கள். கட்டட விதிகளுக்குக் குறைவில்லை. விதி மீறிக் கட்டியவரிடம் தொகை பெற்றுக்கொண்டு வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு 1998இல் சேர்க்கப்பட்டது. ஒரு முறைக்கு மட்டும் என்று சொல்லப்பட்டது. நீதிமன்றங்கள் கடிந்துரைத்த பின்னும் காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் அத்தெருவின் கடைக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து ஊழியர் இருவர் மாண்டனர். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பல மாடித் துணிக்கடை ஒன்று தீப்பற்றி, இரண்டு நாள் எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்தக் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் தென் மாவட்டத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். நேர்மையாக அனுமதி கேட்டவனை அலைக்கழித்து, கேளாமல் கட்டியவனுக்குப் பின்னால் ரசீது கொடுக்கும் முறையில் அனுமதியும் பாழ், பாதுகாப்பும் பாழ்.

அதே தியாகராய நகரில் நடைபாதையில் ஊக்கும் கைக்குட்டையும் விற்பவரின் கதை நேர்மாறானது. நடைபாதை வணிகமும் அரசியல் சாசனம் தரும் தொழில் உரிமையில் அடங்கும், நியாயமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு அது நடக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லிவிட்டது. அதன் பின்னும் கால் நூற்றாண்டு அவர்கள் தினமும் யாருக்கேனும் கப்பம் கட்டி ஓட வேண்டியிருந்தது. பாண்டி பஜார் வணிகர்கள் 2013இல் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வளாகத்திற்கு மாற்றப்பட்டனர். படியேறி ஊக்கு வாங்க வருபவர் எத்தனை பேர் என்று அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. 2014இல் நாடாளுமன்றம் இயற்றிய தெரு வணிகர் சட்டம் நம் ஜமாஅத் இளைஞர்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. கணக்கெடுப்பு நடத்திச் சான்று வழங்கி முடியும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறையேனும் கணக்கெடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40க்குக் குறையாத இடம் வணிகர்களே தேர்ந்தெடுத்த வணிகர்களுக்கு உரியது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது சட்டத்தில் இருக்கிறது என்பதே பெரும்பாலான வணிகருக்குத் தெரியாது.

தகவல் அறியும் உரிமையிலும் தமிழ்நாடு முந்திக்கொண்டது. 1997இலேயே ஒரு சட்டம் இயற்றிற்று. விதிவிலக்குகள் மலிந்து, தண்டனை இல்லாத அச்சட்டம் பயன்படவில்லை. 2005இன் மத்தியச் சட்டம் பயன்பட்டது, ஏனெனில் அதில் நாள் கணக்கும் அபராதமும் உண்டு. பத்து ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில். தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலரின் சொந்தப் பொறுப்பில் அபராதம். 2023இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் பற்றிய தகவல் என்று சொல்லி மறுக்கும் இடத்தை விரிவாக்கியிருப்பது கவலைக்குரியது. இருப்பினும் நம் மனு எந்த மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பதை அது தடுக்கவில்லை. அந்த ஒரு கேள்வியே பல கோப்புகளை நகர்த்தியிருக்கிறது.

தகவலோடு நில்லாமல் சேவையையும் உரிமையாக்கிய மாநிலங்கள் உண்டு. மத்தியப் பிரதேசம் 2010இலும் பீகார் 2011இலும் சேவை உரிமைச் சட்டம் இயற்றின. சான்றிதழ், இணைப்பு, அட்டை ஒவ்வொன்றுக்கும் கெடு நாள் குறிக்கப்பட்டது. கெடு தவறிய அலுவலருக்கு அபராதம். மனுவை வாங்கும்போதே தரும் சீட்டில், வாங்கிய நாளும் முடித்துத் தரவேண்டிய நாளும் எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டிலும் இத்தகைய சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வந்துள்ளது.

ஆகவே நிர்வாகக் குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். பட்டதாரி இளைஞர் நால்வர் ஞாயிறுதோறும் லுஹர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம் நம் நூலக அறையில் அமர வேண்டும். ஜமாஅத்தார் மட்டுமன்றித் தெருவில் உள்ள எவர் வந்தாலும் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் கோப்பில் வைக்க வேண்டும். 31ஆம் நாள் நினைவூட்டி மேல்முறையீடு எழுத வேண்டும். அடுத்த ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கை அடுத்து ஒரு பக்கம் இதற்கு ஒதுக்கி, எத்தனை மனு, எந்த அலுவலகம், எத்தனை நாளில் பதில் என்ற அட்டவணையை வெளியிட வேண்டும். அலுவலகங்களுக்கும் அதன் ஒரு பிரதி அனுப்பப்பட வேண்டும்.